கட்டாயப் புலம்

வெள்ளி இரவு டியூட்டி,
சனி காலை எட்டரைக்கு வகுப்பு.
கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானை வரை
பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கலாம்.
இரண்டாம் தவணையில் கற்றது,
பாடத்திட்டத்தில் இல்லை.

இருபத்தொரு பேர் நாங்கள்.
குருநாகலில் பல் பிடுங்கும் ருவந்தி,
கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
கழிப்பறையில் சட்டை மாற்றும் இஃபாம்,
பாலை எடுத்து வைத்துவிட்டு வந்து
பத்து நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்க்கும் சந்துனி.
எங்களைக் கண்டால் வாட்டே எழுந்து நிற்கும்;
எங்களை ஒரு காற்புள்ளி
அரை நாள் உட்காரவைத்தது.
பிழை, வரி நாற்பத்திரண்டு, என்றது திரை.
நாற்பத்திரண்டில் பிழையே இல்லை.
நாற்பத்தொன்றில் இருந்தது.
நோயும் அப்படித்தான், என்றான் இஃபாம்,
வலிக்கிற இடத்தில் இருக்காது.
யாரும் சிரிக்கவில்லை. பசி.

என் ஆய்வு: ஒரே ஆள், இரண்டு பதிவு.
எங்கள் ஆஸ்பத்திரியின் ஆறு வருடத் தரவு,
நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்,
பூட்டிய அறை,
இணையம் கழற்றிய மடிக்கணினி.

ஞ என்ற எழுத்தில் தொடங்கியது சங்கடம்.
தமிழில் அது உண்டு.
சிங்களத்தில் உண்டு.
பதிவு மேசையோ ஆங்கிலத்தில் கேட்கும்.
ஜீ போட்டார் ஒருவர், என் ஜே போட்டார் ஒருவர்,
அவசரத்தில் வெறும் என்.
தகப்பன் பெயர் முன்னால் ஒருமுறை,
புருஷன் பெயர் பின்னால் மறுமுறை.
பிறந்த நாள் தெரியாதவர்கள் எல்லோரும்
ஜனவரி முதலாந் திகதி பிறந்தார்கள்,
ஒரே கேக் போதும்.

செபமாலை ஞானரூபி.
ஞானரூபி அருளப்பன்.
ஒற்றுமை பூச்சியம் தசம் ஏழு ஒன்பது, என்றது என் நிரல்.
நான் வைத்த எல்லை எட்டு ஐந்து.
ஆகவே இரண்டு பெண்கள்.

முதல் பதிவு, வெசாக் கிழமை:
பெனிசிலின் ஒவ்வாமை, உடம்பெங்கும் தடிப்பு.
மற்றது, நாலு வருடம் கழித்து,
அதிகாலை இரண்டு நாற்பது:
ஒவ்வாமை, இல்லை.
பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயர்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன்.
வந்தது படிவம்தான்.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்வி, ஆம், இல்லை,
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகவிடாது.
ஆம் என்றால் இன்னும் ஆறு கேள்வி திறக்கும்.
நடைபாதையில் ஆட்கள்.
கேட்டேனா?
கேட்டிருப்பேன்.
கேட்டிருப்பேன் என்பதற்குத்
தரவு வகை கிடையாது.

மிச்சப் பதிவு:
ஊசி, மூன்று மணி பத்து.
அட்ரினலின், மூன்று மணி பதினெட்டு.
நாலாம் நாள் வீடு.
அவளைப் போனில் கூப்பிட ஒப்புதலில் இடமில்லை.
நாலாம் பந்தி. நான்தான் எழுதிக்
கையெழுத்தும் வைத்தேன்.

எல்லையை ஏழு ஐந்துக்கு இறக்கினேன்.
ஞானரூபி ஒருத்தி ஆனாள்.
கூடவே, ஒரே வீட்டு இலக்கத்து
அக்கா தங்கை இருவர் ஒட்டிக்கொண்டார்கள்;
போன வருடம் செத்தவளுக்கு
வருகிற மாதம் கிளினிக்.
திரும்ப ஏற்றினேன்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஹேமகுமார
வரைபடங்களைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.
இரண்டு வருடம், இரண்டரை இலட்சம் பதிவு,
சிபாரிசு ஒரு பொத்தானா?
ஓம் சேர். மூன்றாவதாக.
கேட்கவில்லை, என்று ஒன்று.

வெளிப் பரிசோதகர் பேனையை மூடினார்.
அதை வைத்தால் எல்லா டொக்டரும்
அதைத்தானே அமத்துவார்கள்?

ஏசியின் இரைச்சல்.
கீழே வாட் பிளேஸ் நெரிசலில்
அம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டுக்கொண்டிருந்தது.

ஓம் சேர், என்றேன்.
அப்போதாவது தெரியவரும்.