அரை மில்லிகிராம்

கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம்
தோப்புத்துறை மணலில் கண்வலிக்கிழங்கு போட்டோம்.
விதையை லாரி கொண்டுபோனது.
எங்கே என்று
எடை போட்டவனுக்கும் தெரியவில்லை.

இப்போது சித்திரவேலு அண்ணனுக்குக்
கால் பெருவிரல் சிவந்து வீங்கி
போர்வை பட்டாலே அலறல்.
மாத்திரையில் நம்ம விதைச் சத்துதான் என்கிறான்
மருந்துக்கடைப் பையன்.
கோல்ச்சிசின், அரை மில்லிகிராம்.
"கூடப் போட்டுடாதீங்கக்கா."

எனக்கா சொல்றே தம்பி.
அண்ணி அந்தக் கிழங்கை அரைத்த அம்மி
ஏழு தண்ணீர் கழுவியும் வீட்டுக்குள் வரவில்லை,
கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது.

ராத்திரி
அட்டையிலிருந்து ஒன்று பிதுக்கிக் கொடுத்து
மீதியை எண்ணி
பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

விடிய, வலி இறங்கியிருந்தது.
வேலியில் பூத்திருக்கிறது
மஞ்சளும் சிவப்புமாய்,
எங்கள் யாரையும் தெரியாத மாதிரி.