மூன்றும் சேர்ந்தால் நூறு

குலசேகரத்தில் மழை நாலரைக்கே தொடங்கிவிட்டது.
கலவை உருளைகள் நின்ற பின்னும்
கந்தக வாடை துப்பட்டாவை விட்டுப் போகவில்லை.

திரையில் ஒரு முக்கோணம்.
உச்சியில் ரப்பர், இடக்கோடியில் களிமண்,
வலக்கோடியில் எண்ணெய்.
ஒன்றைக் கூட்டினால்
மற்ற இரண்டில் எங்காவது கிள்ளியாக வேண்டும்.
நூற்றுக்கு மேல் இங்கே இடமில்லை.

பதினான்கு தகடுகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸ் எண்.
ஒன்பதும் பதினான்கும் ஒரே கலவை;
என் கை எவ்வளவு தவறும் என்பதை
எண்களே சொல்லட்டும் என்று வைத்தது.

கடினம், அறுபதுக்குப் பக்கத்தில்.
தேய்மானம் குறையட்டும்.
விலையும் குறையட்டும், அதற்கு மட்டும்
ஐந்து கூட்டல் குறி போடச் சொன்னார் ஏசுவடியான் சார்.
போட்டேன்.

மென்பொருள் நாற்பது இடங்களிலிருந்து குன்றேறியது.
நாற்பதும் வந்து சேர்ந்தது ஒரே மூலை:
ரப்பர் நாற்பத்தைந்து, களிமண் நாற்பத்தைந்து, எண்ணெய் பத்து.
கயிறு இழுபடும் மட்டும் போய்
பக்கத்து விளை வாழைக்குக் கழுத்தை நீட்டும் மாடு மாதிரி
வேலியில் முட்டிக்கொண்டு நின்றது விடை.
விருப்பம் 0.83 என்றது.
அரைத்தோம், வேக வைத்தோம், புதுத் தகடு வந்தது.

"களிமண்ணு இம்புட்டா?" என்றார் உருளை ஓட்டும் சுயம்பு அண்ணன்.
"கொளச்சல் ஏலக்கூடத்துல
மீன் தண்ணியில போட்டு நிக்குத செருப்பாக்கும் இது.
வழுக்குமான்னு அதுகிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை.
கேட்காததை அது சொல்லவும் இல்லை.

கழிவறைக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸ் ஒன்று,
சோப்புத் தண்ணீர், தகட்டின் மேல் இரண்டு கிலோ படிக்கல்,
மகள் பையிலிருந்து எடுத்த கோணமானி.
ஒரு முனையை நான் தூக்க, அண்ணன் கோணம் படித்தார்.
ஆறாம் எண் பதினெட்டில் நழுவியது.
பன்னிரண்டு, இருபத்தொன்று வரை பிடித்தது.
புதுத் தகடு
ஒன்பதிலேயே, நாங்கள் பேசி முடிக்குமுன்,
தரைக்குப் போய்விட்டது.

நாலாவது நிரல் திறந்தேன்.
பதினைந்துக்குக் கீழே என்றால் பூஜ்யம்.
விருப்பங்களை அது கூட்டுவதில்லை, பெருக்குகிறது.
0.83 இருந்த இடத்தில் ஒரு வெறும் வட்டம்.

மீண்டும் ஓடவிட்டேன்.
புள்ளி வேலியை விட்டு உள்ளே நகர்ந்தது,
ஐம்பத்தேழு, முப்பத்தொன்று, பன்னிரண்டு.
விருப்பம் 0.61.
ஜோடிக்கு நாலு ரூபாய் கூடுதல்.
விலையின் ஐந்து குறிகளில் நான் கை வைக்கவில்லை.
நாளை சாரிடம் எண்ணைக் காட்டப் போவதில்லை,
டைல்ஸை அவர் மேசையில் வைத்து
ஒரு முனையைத் தூக்கச் சொல்வேன்.

சோப்புத் தண்ணீரைக் கொட்ட எடுத்துப் போனார் அண்ணன்.
"வாசல்ல ஊத்தாதீய" என்று கத்தினேன்
மழைக்கு மேலே.