ஒரு கட்டு

உம்ம குறட்டைக்கு நான் பயந்ததில்லை.
அது நின்றுபோகும்போதுதான்
பீடி எண்ணுகிற விரலால் எண்ணத் தொடங்குவேன்:
ஒண்ணு, ரெண்டு, மூணு…
ஒரு கட்டுக்கு இருபத்தஞ்சு.
சில ராத்திரி கட்டு நிறைந்து
அடுத்த கட்டுக்குப் போய்விடும்.
பிறகு, ஆற்றில் முங்கி எழுந்த ஆள் மாதிரி
ஒரு இழுப்பு.

தாழையூத்துக்குக் கல்லேற்றிப் போன லாரியைப்
பாலத்துச் சுவரில் உரசிவிட்டு வந்தீர்.
'கண்ணு சொருகிட்டுட்டி. அவ்வளவுதான்.'

ஹைகிரவுண்டில் ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள்.
தலையில், நெஞ்சில், கெண்டைக்காலில் வயர்;
விரல் நுனியில் சிவப்பு வெளிச்சம்.
காலையில் டாக்டரம்மா தாளைத் திருப்பினாள்.
மணிக்கு நாற்பத்திரண்டு தடவை நிற்குதாம்.
பீடி பாஸ்புக்கின் பின்னட்டையைக் காட்டினேன்:
முப்பத்தொன்பது.
'மூணை விட்டுட்டீங்களே' என்று சிரித்தாள்.
விட்டிருப்பேன். கண்ணசந்திருப்பேன்.

குழுவில் கடன் எடுத்து மிஷின் வந்தது.
குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு
'மாசானத்தை யானையாக்கிட்டாளே' என்றீர்.

முதல் ராத்திரி
ஓட்டுச் சந்தில் காற்றுப் போவது போல
ஒரே சத்தம். நிற்கவேயில்லை.
எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல்
என் விரல்கள் இருட்டில் கிடந்து தவித்தன.
ரெண்டரைக்குக் கரண்ட் போனது.
'ஒருக்களிச்சுப் படும்' என்று தள்ளினேன்.
ஒண்ணு, ரெண்டு…
எட்டு எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

விழித்தபோது மணி எட்டேகால்.
முக்கூடல் கடையில் கணக்கை முடித்திருப்பான்.
உம்ம கன்னத்தில் வாரின் தடம் பதிந்திருந்தது.
திரும்பவும் படுத்துக்கொண்டேன்.