மூன்றாம் படி

சிலோயே தீவில், கெம்ச்சித் துறைக்கு மேலே
என் கறிக்கடை. கடைக்கு மேலே வீடு.
பலகையில் இஸ்மேனியா கார்க்கமோ என்று எழுதியிருக்கும்,
மழை தின்றது போகப் பாதிதான் தெரியும்.
இருபத்தாறு வருடமாய்க் கத்தி பிடிக்கிறேன்.
ரத்தம் எனக்குத் தண்ணீர் மாதிரி,
துடைத்தால் போய்விடும்.

அவர்கள் முதலில் வந்தது ஜூனில்.
நிபால்தோ, அவனுடைய கேமராக்காரன்,
மஞ்சள் மழைக்கோட்டில் யாஸ்னா, இருபத்திரண்டு வயதிருக்கும்.
இணையத்தில் பேய்த்தொடர் எடுக்கிறார்களாம்.
ஒரு குப்பி பன்றி ரத்தம் கேட்டார்கள்.
காசு வாங்கவில்லை.

முதல் பகுதியில் அந்த ரத்தம் வரவேயில்லை.
ஒரு மரவீடு. மாடிப்படி.
மூன்றாம் படியில் ஒற்றை ரப்பர் பூட்ஸ், ஈரமாய்.
அடுத்த முறை காட்டும்போது
நான்காம் படியில்.
அவ்வளவுதான்.
அன்றிரவு என் பூட்ஸைக் கடைக்குள் வைத்துப் பூட்டினேன்.
அடிவயிறு முட்டியும்
விடியும்வரை கீழே இறங்கவில்லை.

பார்ப்பவர்கள் ஆயிரம் ஆனார்கள், பிறகு லட்சம்.
பட்டியலும் நீண்டது.
நாலாம் பகுதிக்கு நாக்கு.
ஆறாம் பகுதிக்குக் குடல், எட்டு மீட்டர்.
"கழுவாம குடுங்க சென்யோரா, ஆவி பறக்கணும்."

ஒன்பதாம் பகுதியைச் சனிக்கிழமை பார்த்தேன்,
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.
பதினோரு நிமிடம்.
அந்த மழைக்கோட்டுப் பெண்ணைப்
பதினோரு நிமிடம் பிரித்தார்கள்.
கேமரா இமைக்கவில்லை.
நானும்தான்.
"அப்படிப் பிடித்தால் மூட்டு விடாதடா, மடையா"
என்றேன் திரையைப் பார்த்து.
சத்தமாகவே.

என் குரல் எனக்குக் கேட்டது.
பயப்படவில்லை நான்.
குமட்டவும் இல்லை.
கைக்குள்ளே எடை பார்த்துக்கொண்டிருந்தேன்,
எத்தனை கிலோ தேறும் என்று.
கத்தியைக் கீழே வைத்தேன்.
பாதி சீவிய கிழங்கு கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஆட்டைச் சாய்க்கும் முன் அதன் கண்ணை
உள்ளங்கையால் மூடுவேன்.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
ஆட்டுக்காகவா எனக்காகவா, யோசித்ததுமில்லை.
பதினோரு நிமிடத்தில்
ஒரு கையும் அவள் கண்மேல் வரவில்லை.

செவ்வாயன்று யாஸ்னா வந்தாள், சூப்புக்கு எலும்பு வாங்க.
காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை.
"கதையில் உன் பேரென்ன?"
யோசித்தாள்.
"எழுதலை. மழைக்கோட்டுன்னுதான் கூப்பிடுவாங்க."
"வசனம்?"
"ஒன்பதுல இல்லை, அலறல்தான். நாலு தடவை எடுத்தாங்க.
ஒரு தடவை நிஜமாவே அழுதுட்டேன்,
அதைத்தான் வச்சிருக்காங்க."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி.
ஒன்பது பகுதியிலும் அது கண்ணில் படவேயில்லை.
எலும்போடு கொஞ்சம் சதையும் விட்டுக்
கட்டிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நிபால்தோ பட்டியலை நீட்டினான்.
கடைசி வரி: இதயம், மனித அளவில்.
"அந்தப் பூட்ஸ் என்னாச்சு?" என்றேன்.
"எந்த பூட்ஸ்?"
"நாலாம் படியில் விட்டாயே."
தலையைச் சொறிந்தான்.
"அதெல்லாம் இப்ப யார் பார்க்கிறா சென்யோரா.
முப்பது நொடியில போயிடறாங்க."
இதயம் இல்லை என்றேன்.
தட்டில் மூன்று கிடந்தன, கண்ணாடிக்குப் பின்னால்.
அவன் அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
குடையை விரித்துக்கொண்டு போனான்.
அன்குத்தில் வேறு கடை இருக்கிறது. வாங்கியிருப்பான்.

பத்தாம் பகுதி வந்துவிட்டது என்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
கடையடைத்து மாடியேறும்போது மட்டும்
மூன்றாம் படியில் கால் கொஞ்சம் தயங்கும்.
அந்தத் தயக்கம் இன்னும் இருக்கிறதா என்று
தினமும்
மெதுவாய் மிதித்துப் பார்க்கிறேன்.