ஆரோ

புத்தாண்டுப் பூசை முடிந்து வந்து
ஐஸ் கம்பெனி ரசீது ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்:
இந்த வருசம் ஒன்று மட்டும்.
அடிக்கோடு போட்டேன். இரண்டு தடவை.

ஆறாம் தேதிக்குள் ஒன்று ஐந்தாகியிருந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு
ஒட்டகம் கேட்டிருந்தார்கள் கோயிலில்.
காகிதக்கூழ். தங்கச்சிமடத்து வாடைக்காற்றில்
காயமாட்டேன் என்கிறது.
ராஜாக்கள் நடந்தே வந்து, பிள்ளையைப் பார்த்து,
திரும்பியும் போய்விட்டார்கள்.
ஒட்டகம் மூன்று காலோடு என் அடுப்படியில்.
சட்டி இறக்கும்போதெல்லாம்
கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறது.

லினோவில் நாட்காட்டி, மாதத்துக்கு ஒரு மீன்.
ஜனவரிக்குக் காரல்.
செதிலில்லாத அந்த வெள்ளி உடம்பு
நன்றாகத்தான் வந்தது.
எழுத்தைத்தான் நேராகச் செதுக்கித் தொலைத்தேன்.
அச்சில் ஜனவரி
கண்ணாடிக்குள் போய் நின்றுகொண்டது.
மறுபடி செதுக்கலாம் என்றால்
ஜனவரியே அவ்வளவு மீதியில்லை.

மண்டபத்தில் பௌசியா டீச்சரின் பள்ளிச்சுவர்:
மன்னார் வளைகுடா, இருபத்தொரு தீவு.
பதினாலு முடிந்தது.
'முங்கிப்போன ரெண்டையும் போடுவியா மெல்பா?'
ஏணியில் நின்றபடி
அதையே மூன்று நாளாய் யோசிக்கிறேன்.
இல்லாத நிலத்துக்கு என்ன நிறம் அடிப்பது?

இன்னொன்று இருக்கிறது. சொல்லமாட்டேன்.
இன்னும் தொடங்கவேயில்லை,
ராத்திரியில் அதுதான் அதிகம் கூப்பிடுகிறது.

பகலில் கம்பெனிக் கணக்கு.
நாற்பது பார், அறுபது பார் என்று எழுதும் கை
ஓரத்தில் ஒட்டகக் குளம்பு வரைகிறது.
எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா நீலம்:
தீவைச் சுற்றிய கடலுக்கும்
ஒட்டகத்தின் முதுகுத்துணிக்கும்
இன்னாசி அண்ணன் போட்டுக்கும்.
சாப்பிடும்போது விரலில் மண்ணெண்ணெய் வாடை.

போட்டுக்கு எழுதவேண்டியது
ஆரோக்கிய மாதா துணை.
பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்த நாலு நாளும்
போட்டு சும்மா கிடந்தது.
நான்தான் சும்மா இல்லை;
அங்கே ஒரு காலை, இங்கே ஒரு தீவு.
கூண்டு இறங்கிய விடியலில்
அணியத்துப் பலகையில் இரண்டு எழுத்துத்தான் இருந்தது:
ஆரோ.

'பெயிண்டாவது காயட்டும் அண்ணே.'
'கடல் காயவச்சுக்கும். நீ இறங்கு.'

கரையில் நின்று பார்த்தேன்.
என் ஈர எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது.

அன்று ராத்திரி வயர்லெஸ்ஸில்
பக்கத்துப் போட்டுக்காரன் கேட்டானாம்,
'ஆருய்யா அது, வலைக்குக் குறுக்க?'
'ஆரோ.'
'அதான் கேக்கிறேன், ஆரு?'
'ஆரோதான்யா!'
வசவு விடியும்வரை நடந்ததாம்.

மறுநாள் பெட்டி பெட்டியாய்க் கணவாய்.
தூரிகையோடு போய் நின்றேன்.
'தொட்டிராதே தாயி' என்றார் இன்னாசி அண்ணன்.
'மாதாவுக்குத் தெரியும் அவ பேரு.'
எழுதாத எழுத்துக்கும் சேர்த்துக் கூலி,
மேலே ஒரு பை கணவாய்.

இந்த வருசம் நான் முடித்த முதல் வேலை,
முடிக்காத அது.

அடுப்படியில் உட்கார்ந்து ஆய்ந்தேன்.
பிப்ரவரிக்குக் கணவாய்தான் என்று
டிசம்பரிலேயே முடிவுசெய்திருந்தேன்,
அதனால் ஒன்றை அறுக்காமல் தட்டில் வைத்து
கால்களை எண்ணினேன். எட்டு, அதற்குமேல் நீளமாய் இரண்டு.
ஒரு உடம்புக்கு இத்தனை கை;
எதுவும் எதோடும் சிக்கிக்கொள்ளவில்லை.

அடுத்ததில் மைப்பை உடைந்தது.
கையெல்லாம், தரையெல்லாம்,
துடைக்க எடுத்த காகிதமெல்லாம் கருப்பு.
பிறகுதான் பார்த்தேன், அந்த ரசீது.
'ஒன்று' இருந்த இடத்தில் மை கொட்டி
மிச்சம் தெளிவாகப் படிக்க முடிந்தது:
இந்த வருசம்
மட்டும்.

சரி என்றேன் சத்தமாக.
ஒட்டகம் கேட்டுக்கொண்டிருந்தது,
நாலாவது காலுக்காக.