பன்னிரண்டு கடல்மைல்

வெள்ளிக்கிழமை மாலைகளில்
மாலுமிகள் இல்லத்தின் பின்னறை எனக்கு.
ஒரு மேசை, ஒரு கெட்டில், சரியாகச் சாத்தாத ஜன்னல்.
ஃப்ரேசர்பரோவின் வாடை
காற்றாகவும் மீனாகவும் அதன்வழி வரும்.

எபோ குவான்சா கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
"ஒன்பது வருஷம், மிஸஸ் பக்கன்.
இதே துறைமுகம், இதே படகு.
நிரந்தரமாகத் தங்க எந்தப் படிவம்?"

பாஸ்போர்ட்டைப் புரட்டினேன்.
பக்கத்துக்குப் பக்கம் அதே விசா.
கப்பலேறப் போகிறவர்,
வழிப்போக்கர்.

சொல்லத்தான் நான் இருக்கிறேன், சொன்னேன்:
கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு அப்பால்
நீங்கள் வலை இழுத்த நாட்கள்
இந்த நாட்டில் கழித்த நாட்கள் ஆகா.
கயிறு கட்டிய படகில், பங்கரில்,
டீசல் நாற்றத்தில் உறங்கிய இரவுகளையும்
குடியிருப்பு என்று எழுதமாட்டார்கள்.
சட்டத்தின் கண்ணில், எபோ,
நீங்கள் இன்னும் வந்தே சேரவில்லை.

சிரித்தார்.
"அப்போ என் பல்லைப் பிடுங்கினது யார்?"
வாயைத் திறந்து காட்டினார்.
கீழ்வரிசையில் ஓர் இடைவெளி,
பிராட் தெரு டாக்டரின் கைவேலை.

பிறகு ஒரு பிஸ்கட் டப்பா.
பல்லுக்கான ரசீது.
தேவாலயப் பாடகர் பட்டியல், பெயரில் ஓரெழுத்து பிழை.
வின்ச்சில் விரல் சிக்கிய இரவின் மருத்துவமனைச் சீட்டு,
ஏழு தையல்,
முகவரி என்ற இடத்தில்: ஜீனி மே, துறைமுகம்.
சிப்ஸ் கடை வில்மா கைப்பட எழுதிய கடிதம்:
இவரை எனக்குத் தெரியும், வினிகர் ஊற்றிக்கொள்ளமாட்டார்.

அடியில் ஒரு நோட்டு.
கட்டங்கள் போட்டு, பென்சிலில்,
எந்த நாள், எந்த இடத்தில் வலை விட்டார்கள் என்று
எண்களாக எழுதியிருந்தார்.
பாதி எண்கள் கோட்டுக்கு உள்ளே.

நோட்டை மூடினேன்.
இதை யாரிடமும் காட்டாதீர்கள்.
நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்று சொல்லும் தாள் இதுதான்.
இருக்கக்கூடாத இடத்தில் வேலை செய்தீர்கள் என்று
சொல்லப்போவதும் இதுதான்.
அபர்டீனில் ஒரு வக்கீல் இருக்கிறார், ரீவா டட்டி,
செவ்வாய்க்கிழமை பேசிவிடுகிறேன்.
அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம்.
ஏஜென்ட் பணம் கேட்டால், யோசிக்கணும் என்று சொல்லுங்கள்.
இன்றைக்கே விண்ணப்பித்தால் கட்டணமும் போகும்,
மறுப்பு மட்டும் கோப்பில் நிற்கும்.

முதலாளி முறையாக ஆதரவுக் கடிதம் தந்தால்
வேறு விசாவுக்கு வழி உண்டு,
ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், என்றேன்.
இந்த ஊர்க்காரர்களைப் போலவே
சொல்லில் பாதியை விழுங்கிப் பேசுகிறவர் எபோ.
தேர்வாளருக்குப் புரியாது.
அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அந்தக் கோடு," என்று ஆரம்பித்தார்,
"கண்ணுக்குத் தெரியுமா?
ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன்,
தண்ணீர் ஒரே நிறமாகத்தான் இருக்கிறது."

என் அப்பா நாற்பது வருஷம்
அதன் இரண்டு பக்கமும் மீன் பிடித்தார்.
எந்தப் பக்கம் என்று
ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.
கெட்டிலை மறுபடி போட்டேன்.

கிளம்பும்போது:
"டப்பா உங்களிடமே இருக்கட்டுமா? படகில் ஈரம்."
அசல் ஆவணங்களை வாங்கி வைக்கக்கூடாது, விதி அப்படி.
வாங்கினேன்.
ரசீது எழுதிக் கொடுத்தேன்:
ஒரு டப்பா, எபோ குவான்சாவிடமிருந்து,
ஃப்ரேசர்பரோ, இன்றைய தேதி.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.
டப்பாவைத் திறக்கச் சொன்னார்.
"இதையும் உள்ளே வையுங்கள்.
இன்று நான் தரையில் இருந்தேன் என்று இருக்கிறதே."

வைத்துவிட்டால் உங்கள் கையில் என்ன இருக்கும் என்றேன்.
அந்த யோசனை அவருக்கும் வந்திருக்கவில்லை.
ஒரு பிரதி எடுத்தேன்.
சூடாறாத தாளை மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டார்.
பத்து மணிக்கு ஓதம்.