முயலுக்கு மூன்று வாயசைவு மிச்சம்

தடைக்காலம் முப்பத்தொன்றாம் நாள்.
தங்கச்சிமடத்தில் விசைப்படகெல்லாம்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்க
எங்கள் வீட்டுக்காரரும் ரெக்ஸனும் சுமிலனும்
ஐஸ் கம்பெனி மாடியில்
ஒரு கரடிக்குக் குரல் கொடுத்தார்கள்.

பனி ஊர். சிவப்புத் தொப்பிக் கரடி டுப்பு.
ரிப்பன் கட்டிய முயல் மினுக்கி.
பள்ளி விட்டு வந்து
சோத்துத் தட்டோடு நாங்கள் பார்த்ததுதான்.
கேக் சுடுவார்கள், பங்கில் சண்டை வரும்,
ஒரு பாட்டில் தீர்ந்துவிடும்.

இப்போது டுப்பு
டீசல் டோக்கனுக்கு வரிசையில் நிற்கிறது.
குவார்ட்டரை இளநீரில் ஊற்றிக் குடிக்கிறது.
வட்டி கேட்டு வரும் பனிமனிதனிடம்
'அண்ணே, நண்டு சீசன் வரட்டும்' என்கிறது.
அவன் கேரட் மூக்கைப் பற்றி அது சொன்னதை
இங்கே எழுத மாட்டேன்.
நாட்டுப்படகு மீனுக்குக் காத்திருந்த இடத்தில்
ஐந்து பெண்கள் ஒரே போனுக்குள் தலைவைத்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.
மண்டபத்தில் ஒரு வாத்தியார்
பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று ஏசிவிட்டு
மூன்று தடவை பார்த்தாராம்.

இரண்டாம் பாகத்தில் மினுக்கி வாயைத் திறந்தது.
'தாலிக்கொடிய அடகு வச்சு வலை வாங்குனியே,
வலையில என்னத்தடா கொண்டாந்த, சொறியையா?'

சிரிப்பு பாதியில் நின்றது.
அது என்னுடையது.
மார்ச் மாசம், அடுப்படியில்,
விளக்கை அணைத்த பிறகு சொன்னது.
ஒரு சொல் மாறவில்லை.
அதைவிட,
அந்த வாய்க்கு அப்படியே பொருந்தியிருந்தது.
'டா'வில் திறந்தது, 'சொ'வில் குவிந்தது முயலின் உதடு.
எந்த ஊரிலோ எவனோ அதை வரையும்போதே
என் சண்டை அவனுக்குக் கேட்டிருக்குமோ?

படியேறினேன்.
சுமிலன் என்னைக் கண்டதும்
போனைச் சட்டைக்குள் போட்டான்.
எதிரொலி வராமலிருக்கக் கம்பளிக்குள்
தலைவிட்டிருந்தவர் வெளியே எடுக்கவேயில்லை.
'அந்த எடத்துல அழுகுற மாதிரி பேசுனது யாரு?'
கம்பளி சொன்னது: 'ரெக்ஸன்.'
'நான் அழலயே.'
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.
'தள்ளு' என்றேன்.

உள்ளே மீன்வாடை, பீடி, அவர் மூச்சு.
மினுக்கி ரிப்பனை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.
சொன்னேன்.
மார்ச்சில் சொன்னதை, அன்று விழுங்கியதை,
அவர் அம்மாவைப் பற்றி ஒன்றை.
ரெக்ஸன் வாயில் துண்டை அடைத்துக்கொண்டான்.
பக்கத்தில் இவர் தோள் குலுங்கியது.
சிரிப்புதானா என்று
இருட்டில் தொட்டுப் பார்க்கவில்லை.

நான் முடித்த பிறகும் முயலுக்கு
மூன்று வாயசைவு மிச்சம்.
பழைய கதையில் அங்கேதான்
'மன்னிச்சுட்டேன்' வரும்.
'இதுக்கு என்ன போட, பிரின்சியக்கா?'
'சத்தமில்லாம விடு.
ஜூன் பதினஞ்சு படகு போவட்டும்.
வந்து கொட்டுறத பாத்துட்டுச் சொல்றேன்.'